ஈனிட் வரைந்த வயரிங் படம்

ஈனிட் ரஷ்வொர்த்துக்கு ஒரு பிளக்கில் வயர் மாட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த நாளில் சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்துப்போட்டு ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், திருடன் வந்தால் அடிக்கும் மணி என்று எதையாவது கட்டிக்கொண்டு மனைவியிடம் திட்டு வாங்கிய ஆண்பிள்ளைகளில் பாதிப் பேர், ஈனிட் வரைந்த படத்தைப் பார்த்துத்தான் கட்டினார்கள்.

எங்கள் பத்திரிகையின் பெயர் 'சர்க்யூட் பெஞ்ச்'. இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் ஒரு கம்பளக் கடைக்கு மேலே நாலு அறை. ஆசிரியர் கிளிஃபர்ட் டாட்டர்சால் கப்பற்படையில் ரேடியோ வேலை பார்த்தவர். சட்டைக் கையெல்லாம் சோல்டரிங் சூடு பட்ட ஓட்டை. வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பாவப்பட்ட ஜென்மம் நான், நார்மன். வியாழக்கிழமை காலை முழுக்கத் தொலைபேசி என் காதில் ஒட்டிக்கொண்டிருக்கும். படங்கள் எல்லாம் ஈனிட்.

அவர் அதே ஊரின் ஹீட்டன் நாரிஸில் பிறந்தவர். பதினைந்து வயதில் பள்ளியை விட்டு விமானத் தொழிற்சாலையின் டிரேசிங் அறைக்குப் போனார். பொறியாளர்கள் பென்சிலில் போட்ட வரைபடத்தை மையால் சுத்தமாகப் படியெடுக்கும் வேலை. பஸ் ஓட்டுநர் வில்ஃபைக் கட்டிக்கொண்டபின் வேலையை விட்டார். பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் எங்களிடம் வந்து நின்றார். கிளிஃபர்ட் ரேடியோவுக்குள் இருக்கும் குட்டி டிரான்சிஸ்டர் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இது என்னன்னு தெரியுமாம்மா?"

"தெரியாது. மூணு கால் இருக்கு. நடுக்கால் கொஞ்சம் முன்னால வளைஞ்சிருக்கு."

"நாளைக்கே வந்துடுங்க," என்றார் கிளிஃபர்ட். அவர் வாழ்க்கையில் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான் என்று நான் அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன்.

ஒவ்வொரு செய்முறைக்கும் இரண்டு படம் போடுவோம். ஒன்று குறியீடுகளால் ஆன சர்க்யூட் படம், விஷயம் தெரிந்தவர்களுக்கு. இன்னொன்று வயரிங் படம். எந்த நிறக் கம்பி எந்த முனைக்குப் போகிறது என்று பெட்டியைத் திறந்து வைத்தாற்போல் காட்டும்; ஒன்றும் தெரியாதவனும் அதைப் பார்த்துக் கட்டிவிடலாம். இந்த இரண்டாவது படத்தில் ஈனிட்டை அடிக்க ஆள் கிடையாது. கட்டுரையாளர் கிறுக்கி அனுப்பும் தாளை அவர் தொடவே மாட்டார். செய்து முடித்த பெட்டி அவர் மேஜைக்கு வந்தாக வேண்டும்.

"ஆம்பளைங்க எழுதுறது ஒண்ணு, செய்யறது ஒண்ணு," என்பார். "பெட்டி பொய் சொல்லாது."

பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் 'தப்பு எங்களுடையது' என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. போன மாதத் தவறுகளுக்குத் திருத்தம் அதில் வரும். எவர் தவறு வருகிறதோ அவர் வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' என்ற பலகாரம் வாங்கித் தர வேண்டும் என்பது எங்கள் சட்டம். கிளிஃபர்ட் வாங்கி வாங்கிப் பைக்கடைக்காரர் அவருக்கு மாமன் மச்சான் ஆகிவிட்டார். பதினொரு வருஷத்தில் ஈனிட் ஒரு தடவைகூட வாங்கியதில்லை. "ஓசிப் பைக்கு ருசி அதிகம்" என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவார்.

இனி வாசகர்களைப் பற்றி. சொன்ன பேச்சைக் கேட்காத ஒரு சாதி உலகத்தில் உண்டென்றால் அது எங்கள் வாசகர்கள்தான். இந்த மதிப்புள்ள ரெசிஸ்டரைப் போடு என்று அச்சடித்துச் சொன்னால், வீட்டில் கிடக்கும் பழைய டி.வி.யிலிருந்து வேறொன்றைப் பிடுங்கிப் போடுவார்கள். அப்புறம் வியாழக்கிழமை கூப்பிட்டு, "உங்க சர்க்யூட் வேலை செய்யலியே" என்பார்கள். அது எங்க சர்க்யூட் இல்லீங்க, உங்க சர்க்யூட் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போயிற்று.

எழுபத்தொன்பதாம் வருஷம். வெளியே பனி, லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம், ஊரே கடுகடுவென்று இருந்த குளிர்காலம். பிப்ரவரி இதழ் கடைக்கு வந்துவிட்டது. அதில், குளிரில் செடி வளர்க்கத் தோட்டத்தில் கண்ணாடிக் குடில் கட்டியிருப்பவர்களுக்காக ஒரு செய்முறை: தக்காளி நாற்றுக்குச் சூடு குறையாமல் ஹீட்டரைத் தானாகப் போட்டு அணைக்கும் பெட்டி. தகரப் பெட்டி. வீட்டு மின்சாரத்தில் ஓடுவது. எழுதியவர் ஹார்கிரீவ்ஸ், ஜெர்மனியில் ராணுவ சார்ஜென்ட்டாக இருந்து திரும்பியவர்.

எங்கள் நாட்டில் கம்பி நிறங்களை மாற்றிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. பழைய சிவப்பில்தான் மின்சாரம் வரும். அது இப்போது பழுப்பு. கறுப்பு நீலமாயிற்று. எர்த் கம்பியின் பச்சை, பச்சை-மஞ்சள் பட்டையாயிற்று. ஆனால் கட்டுரையாளர்கள் வீட்டில் கிடந்த பழைய கம்பியையே மாட்டி அனுப்புவார்கள். ஈனிட் அதைப் பார்த்து, படத்தில் புது நிறத்தை எழுதுவார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அதுதான் வினையாயிற்று. ஹார்கிரீவ்ஸ் பெட்டியில் மாட்டியிருந்தது ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த பழைய கம்பி. அந்த ஊரில் அந்தக் காலத்தில் சிவப்புதான் எர்த்! அவர் சிவப்பை எடுத்துத் தகரத்தோடு திருகியிருந்தார். எர்த் தகரத்தில்தான் சேரவேண்டும், அவர்வரையில் அது சரி. ஈனிட் சிவப்பைக் கண்டார், பழுப்பு என்று எழுதினார். சாம்பல் கம்பியைச் சாயம் போன பச்சை என்று எண்ணிக்கொண்டார். சரிபார்க்க வேண்டிய கிளிஃபர்ட் ஃப்ளூ காய்ச்சலில் படுக்கையிலிருந்தே 'சரி' போட்டு அனுப்பிவிட்டார்.

ஆக, நாடு முழுக்க விற்பனைக்கு வந்திருந்த அந்தப் படத்தின்படி கட்டினால், மின்சாரம் நேராகத் தகரப் பெட்டியில் ஏறி நிற்கும். கண்ணாடிக் குடிலில். ஈர மண்ணில்.

வியாழக்கிழமை முதல் அழைப்பே அதுதான். போல்ட்டனிலிருந்து ஒருவர்.

"ஏங்க, தக்காளி வளர்க்கச் சொல்றீங்களா, ஆளைக் கொல்லச் சொல்றீங்களா? நாப்பத்தோராம் பக்கம் பாருங்க. பழுப்பு எங்க போவுதுன்னு."

பார்த்தேன். பழுப்பு நேராகத் தகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஈனிட் எதிர் மேஜையில் இருந்தார். நான் பக்கத்தைப் புரட்டியதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"என் படமா?"

"ஆமா, ஈனிட்."

"அந்தப் பெட்டியத் தொட்டா என்ன ஆகும்?"

"அது... கையில க்ளவுஸ் கிவுஸ் போட்டிருந்தா..."

"நார்மன், சுத்தி வளைக்காதே. என்ன ஆகும்?"

"ஈரக் கையா இருந்தா எழுந்திருக்க மாட்டாங்க."

அவர் அழவில்லை. பேனாவை மூடி வைத்தார். "யார் யார் கட்டியிருப்பாங்க? கண்டுபிடி," என்றார்.

கிளிஃபர்ட் மொத்த விற்பனைக்காரரைக் கூப்பிட்டு இதழைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னார். உள்ளூர் வானொலிக்குச் சொன்னார். அதற்கான பாகங்களைத் தபாலில் விற்ற கடையிலிருந்து வாங்கியவர்களின் எண்களை வாங்கி நான் ஒவ்வொருவராக அழைத்தேன். ஓல்டம்காரர், "தகரப் பெட்டியா? யாருங்க அதுக்குப் போய்ச் செலவு பண்றது? என் பொண்டாட்டியோட பிளாஸ்டிக் சாண்ட்விச் டப்பாவுல கட்டிட்டேன்" என்றார். வீகன்காரர் படத்தையே பார்க்கவில்லை, தன் மூளைப்படி கட்டியிருந்தார். ராச்டேல்காரர் ஹீட்டருக்குப் பதிலாக மீன் தொட்டிக்கு, அதுவும் பாட்டரியில் ஓடும்படி மாற்றிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பாகத்தை வாங்கி இழுப்பறையில் போட்டதோடு சரி. கோடையில் பார்க்கலாம் என்றார்கள். என் சர்வீஸில் முதல் தடவையாக அந்தத் தறுதலைகளை எனக்குக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கவேண்டும் போலிருந்தது. ஒருவனாவது சொன்னபடி கட்டியிருந்தால் செத்திருப்பான்!

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு," என்று பெருமூச்சு விட்டேன்.

ஈனிட் உட்காரவில்லை. "மிஸ்டர் ஆடி?" என்றார்.

என் பெருமூச்சு பாதியில் நின்றது. வால்ட்டர் ஆடி, டாட்மார்டன் ஊர், ஓய்வுபெற்ற ரயில்வே சிக்னல்காரர். சொன்னதைச் சொன்னபடி, ஒரு திருகாணிகூட மாற்றாமல் கட்டும் ஒரே வாசகர். சர்க்யூட் படம் தனக்குப் புரியாது, திருமதி ரஷ்வொர்த் படம் போதும் என்று எழுதுவார். இதழ் வந்த வாரமே கட்டிவிடுவார். வீட்டில் தொலைபேசி கிடையாது. தக்காளி என்றால் உயிர்.

அந்த ஊர்க் காவல் நிலையத்துக்குச் சொன்னோம். பனியில் வண்டி மாட்டிக்கிடக்கிறது, முடிந்தபோது ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். போனை வைத்துத் திரும்பினால் ஈனிட் கோட்டு மாட்டி, தலையில் ஸ்கார்ஃப் கட்டி, என் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மலைச் சாலையில் கார் முன்னால் போனதைவிடப் பக்கவாட்டில் வழுக்கியதுதான் அதிகம்.  லிட்டில்பரோ ஊர் தாண்டியபின் ஈனிட் கேட்டார்.

"அவருக்குச் சம்சாரம் இருக்காங்களா?"

"போன வருஷம் தவறிட்டாங்க. எழுதியிருந்தாரு."

"அப்ப விழுந்து கிடந்தாலும் பார்க்க ஆள் இல்ல," என்றார்.

ஆடியின் வீட்டுக் கதவைத் தட்டினோம். பதில் இல்லை. மறுபடி தட்டினோம். பக்கத்து வீட்டு அம்மாள் தலையை நீட்டி, "காலையிலேருந்து பின்னால கண்ணாடிக் குடில்லதான் இருக்காரு. சாப்பிடக்கூட வரல" என்றாள். ஈனிட் ஓடினார். ஐம்பது வயது தாண்டியவர் பனியில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

குடிலின் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. கதவைத் தள்ளினோம். நாற்றுத் தட்டுகளுக்கு நடுவே ஒரு மெலிந்த மனிதர் மண்டியிட்டிருந்தார். கையெல்லாம் ஈர மண். அந்தக் கை பளபளக்கும் தகரப் பெட்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"தொடாதீங்க!" என்று ஈனிட் கத்திய கத்தலில் பக்கத்துக் கூரையின் புறா எல்லாம் பறந்துவிட்டது.

அதற்குள் அவர் தொட்டுவிட்டார். ஒரு கை பெட்டியின் மேல், மறு கை ஈரத் தரையில். ஆடி நிதானமாகத் திரும்பிப் பார்த்தார்.

"யாரும்மா நீங்க? எதுக்கு இந்தக் கத்தல்?"

"கரண்ட்... அதுல கரண்ட் வருது..."

"எங்க வருது? இன்னும் பிளக்கே மாட்டலியே. கட்டி முடிச்சு நாலு நாளாச்சு. என் மச்சினன் மில்லுல எலக்ட்ரீஷியன். ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கறேன்னான். அவன் பார்க்காம எப்படி மாட்டறது?"

"நாலு நாளாவா சும்மா வச்சிருக்கீங்க?" என்றேன். நம்ப முடியவில்லை. எங்கள் வாசகர் ஒருவர், கட்டி முடித்த பெட்டியை ஸ்விட்ச் போடாமல் நாலு நிமிஷம் வைத்திருந்து நான் கேள்விப்பட்டதில்லை.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து இதழை எடுத்து நாற்பத்தோராம் பக்கத்தை விரித்தார். வயரிங் படத்துக்குக் கீழே, படத்தின் ஓரத்தோடு, பொடி எழுத்தில் ஒரு வரி. விரலை வைத்துப் படித்தார்.

"'மின்சாரத்தில் இணைக்குமுன் இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்க்கவும்.' போட்டிருக்கே. அப்புறம் என்ன?"

அந்த வரியை நாங்கள் யாரும் படிப்பதில்லை. இடத்தை அடைக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று கிளிஃபர்டிடம் நானே இரண்டு தடவை சண்டை போட்டிருக்கிறேன். டிரேசிங் அறையில் ஒருத்தி வரைந்ததை இன்னொருத்தி பார்த்துக் கையெழுத்துப் போடாமல் வெளியே அனுப்பமாட்டார்களாம். அந்தப் பழக்கத்தில் ஈனிட் தன் ஒவ்வொரு வயரிங் படத்துக்கும் அடியில் தன் கையாலேயே அதை எழுதிவந்தார். பதினொரு வருஷமாக.

ஈனிட் கவிழ்த்துக் கிடந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். போன உயிர் திரும்பி வந்தது அவர் முகத்தில் தெரிந்தது. முதலில் சிரித்தார், அப்புறம் ஸ்கார்ஃபை அவிழ்த்து முகத்தைப் பொத்திக்கொண்டு நன்றாக அழுதார். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

"நான்தான் ரஷ்வொர்த்," என்றார் கடைசியில். "படம் தப்பு. நான் தப்பா வரைஞ்சிட்டேன், மிஸ்டர் ஆடி. இதை மாட்டியிருந்தா நீங்க இருந்திருக்க மாட்டீங்க."

ஆடி படத்தைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். ஈனிட்டைப் பார்த்தார்.

"நீங்களா அவங்க! நான் வயசுல சின்னவங்களா இருக்கும்னு நெனச்சேன்," என்றார். "சரி, இப்ப சரியா வரைஞ்சு குடுங்க. நீங்க வரையாம நான் ஒரு கம்பியக்கூட நகர்த்த மாட்டேன்."

"இன்னுமா என் படத்தை நம்புறீங்க?"

"வேற யாரு படம் எனக்குப் புரியுது?"

ஒரு விதைப் பொட்டலத்தைக் கிழித்து விரித்து, மடியில் வைத்து ஈனிட் வரைந்தார். கோடு நேராக விழுந்தது. ஒவ்வொரு கம்பியையும் பெட்டியில் தொட்டுப் பார்த்துவிட்டு எழுதினார். பச்சை-மஞ்சள் தகரத்துக்குப் போயிற்று. கடைசியில் அடியில் அதே வரியை எழுதினார். பிறகு பொட்டலத்தை ஆடியிடம் கொடுக்காமல், பென்சிலோடு என் பக்கம் நீட்டினார்.

"நீ பாரு, நார்மன். நல்லாப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடு."

பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். போட்டேன்.