இறக்கி வைத்த காவடி

கதவு திறக்கும் சத்தம் கேட்டால் போதும், என் பூனை வெள்ளச்சி காலிடுக்கில் புகுந்து வெளியே ஓடப் பார்ப்பாள். மூன்று வருடமாக நான் விட்டதேயில்லை. திருத்தணியில் மலைக்குப் போகும் சாலையோரம் மாடி வீடு, தெருவெல்லாம் நாய்கள்.

"வாயில்லா ஜீவன ஜெயில்ல போட்டாப்ல வெச்சிகினு கீறியே, பாவம் சும்மா விடாது," என்று கீழ்வீட்டு அக்கா தினமும் சொல்வார். ஆடிக் கிருத்திகை அன்றும் சொன்னார். அவர் வாய்க்குப் பயந்து நானே கதவைத் திறந்துவிட்டேன்.

ஐந்தே நிமிடத்தில் அலறல் கேட்டது. இறங்கி ஓடினேன். மூன்று நாய்களுக்கு நடுவே வெள்ளச்சி. மலைக்குக் காவடி எடுத்துப்போன கூட்டத்திலிருந்து ஒருவர் விலகி வந்து, தோளிலிருந்த காவடியைத் தரையில் வைத்துவிட்டு, நாய்களை விரட்டி அவளைத் துண்டில் சுருட்டித் தூக்கினார்.

கூட வந்த பெண் பதறினாள். "சாமிகிட்ட போறதுக்குள்ள கீழ வெச்சிட்டியே, பாவா!"

"உசுரு போவுது, காவடிய பாப்பனா? முருகன் கேட்டா நான் பேசிக்கிறேன்."

துண்டோடு அவளை என் கையில் கொடுத்துவிட்டு, காவடியை ஏற்றிக்கொண்டு நடந்தார்.

ஒரு காதில் பாதி போய், வெள்ளச்சி பிழைத்தாள். இன்னமும் ஓடத்தான் பார்க்கிறாள்.

கீழ்வீட்டு அக்கா நேற்று மாடியேறி வந்து வாசலில் நின்று சொன்னார்: "ஒரு பூனைக்காக காவடிய கீழ வெச்சானே, அந்தாளு வேண்டுதல் எங்க பலிக்கும்?"

"என்னைய என்னா வேணா சொல்லுங்கக்கா. அவர ஒரு வார்த்த சொல்லாதீங்க."

ஊர் பார்க்கக் காவடியை இறக்கிவைக்க அவருக்கு இருந்த துணிச்சல், ஒரு கதவைச் சாத்திவைக்க எனக்கு அன்று இல்லை. அக்கா பேசிக்கொண்டிருக்கும்போதே சாத்தினேன்.