முதலாளியம்மாவின் தலையணை உறை

அவளைச் சொட்டு என்றுதான் தெருவே கூப்பிடும். சொட்டு நீலம் போட்டு வெளுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது ஒரு காரணம். ஆளும் ஒரு சொட்டுதான் இருப்பாள். பிரசவ ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, பிறந்த குழந்தையைச் சுற்றுகிற துணி எல்லாம் அவளுடைய சலவைக் கடைக்குத்தான் வரும். கீழே இரண்டு மெஷின், பக்கத்தில் இஸ்திரி மேசை, மேலே மொட்டை மாடி முழுக்கக் கொடி. துணி உலர்த்தும் மெஷினை விற்க ஒருவன் நடையாய் நடந்தான். "சூரியன் சும்மா குடுக்கிறதுக்கு நான் எதுக்குப்பா கரண்டு பில் கட்டணும்?" என்று டீ மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

இஸ்திரி மேசை அவளுடைய அண்ணனின் ராஜ்ஜியம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர் என்றாலும் விரிப்பின் மூலை விலகி மடித்தார் என்று அவர்மேல் ஒரு புகார் கிடையாது. தங்கையின் பெருமையை டீக்கடையில் சொல்வது அவருடைய இன்னொரு வேலை. "நம்ம சொட்டு இருக்காளே" என்று அவர் ஆரம்பித்தால், கேட்பவன் கையிலிருக்கும் டீ ஆறிப்போகும்.

அந்தச் சொட்டு கொஞ்சம் காசு சேர்த்து வைத்திருந்தாள். அதை எங்கே போடலாம் என்று அண்ணன் மகளிடம் கேட்டாள். அந்தப் பெண் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்தாள்.

"எங்க வேணா போடு. ஆனா சாராயக்காரன், சிகரெட்டுக்காரன், துப்பாக்கி செய்யுறவன், கரியை எரிக்கிறவன் இவங்க கைக்குப் போகக் கூடாது. பச்சைக் குழந்தைங்க துணியைத் துவைச்சு வந்த காசு அது."

"அப்போ பசுமை இண்டெக்ஸ் ஃபண்டுதான் அத்தை. அதுல யாரும் உக்காந்து ஒவ்வொரு கம்பெனியாப் பொறுக்க மாட்டாங்க. ஒரு பட்டியல் இருக்கும். அதுல இருக்கிற எல்லாத்துலயும் பெரிசுக்குப் பெரிசா, சின்னதுக்குச் சின்னதா வாங்கிப் போட்டுடுவாங்க. நீ சொன்ன ஆளுங்களை மட்டும் முதல்லயே எடுத்துடுவாங்க."

"ஆஸ்பத்திரி மூட்டை மாதிரின்னு சொல்லு. மொத்தமா மெஷின்ல போடுறோம், சாயம் போறதை மட்டும் முன்னாடியே தனியா வெச்சுடுறோம்."

"அவ்வளவுதான். ஆனா இப்பவே சொல்லிட்டேன், ஏறும், இறங்கும். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

"வெயிலும்தான் ஒரு நாள் வருது, ஒரு நாள் வரலை. நான் யாரைத் திட்டினேன்?"

காசு போய்ச் சேர்ந்தது. சொட்டு அதை மறந்தும் போனாள்.

தொல்லை வேறு பக்கமிருந்து வந்தது. கடைக்குப் பின்தெருவில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை இருந்தது. அதை இன்னும் பெரிதாகக் கட்டியபோது, உருக்குவதற்கான மணலையும் சுண்ணாம்புத் தூளையும் திறந்த வெளியில் மலை மாதிரி குவித்துவிட்டார்கள். காற்று திரும்பியதும் மாடியில் காய்ந்த விரிப்பெல்லாம் பழுப்பு ஏறியது. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் மூட்டையைப் பிரித்து, உள்ளங்கையால் ஒரு தேய் தேய்த்து, சொட்டுவிடம் காட்டினாள்.

"இதுல எப்படிம்மா குழந்தையைப் படுக்க வைக்கிறது? இன்னொரு தடவை இப்படி வந்தா வேற கடைக்குக் குடுத்துடச் சொல்லிட்டாங்க. என்மேல கோச்சுக்காதே."

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? நர்ஸ் சொன்னது நியாயம். ஆனால் அந்த ஆஸ்பத்திரி போனால் கடைக்குப் பூட்டுதான்.

அத்தை முகம் வாடியிருப்பதைப் பார்த்து, அண்ணன் மகள் ஃபண்டின் பட்டியலைப் போனில் திறந்து காட்டினாள். உன் காசு எங்கெங்கே போயிருக்கிறது பார் என்று உற்சாகப்படுத்தத்தான். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டி வாசித்தார். அவர் எதையும் தாண்டிப் படிப்பவரல்ல. ஒரு பெயரில் வந்து நின்றார்.

"இது பின்தெருக்காரன் பேராச்சே?"

"ஆமாப்பா. சோலார் பேனலுக்குக் கண்ணாடி செய்யுறாங்கல்ல, அதான் பசுமைப் பட்டியல்ல இருக்காங்க."

"நல்லா இருக்கு நியாயம்! நம்ம காசை வாங்கி நம்ம தலையிலயே மண்ணு கொட்டுறானா? சொட்டு, நாளைக்கே காசை எடு."

சொட்டு போனை வாங்கி அந்தப் பெயரை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு சிரித்தாள். "அப்போ அது என் கம்பெனின்னு சொல்லுண்ணே."

மறுநாள் பழுப்பேறிய விரிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்குப் போனாள். தனியே விடக் கூடாது என்று அண்ணனும் கூடப் போனார்.

"யாரைப் பார்க்கணும்?" என்றார் காவலாளி.

"யாரையும் பார்க்க வேண்டாம். என் மணலை மூடணும்."

"உங்க மணலா?"

"ஆமாம். நான் இந்தக் கம்பெனிக்கு முதலாளி."

காவலாளி அவளை மேலும் கீழும் பார்த்தார். "வாங்க முதலாளியம்மா. பூட்ஸ் கிழிஞ்சு ரொம்ப நாளாச்சு, புதுசு தர மாட்டேங்கிறாங்க. அதையும் கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க."

சத்தம் கேட்டு மேனேஜர் வெளியே வந்தார். மரியாதையான மனிதர். "அம்மா, எங்க பங்கை வெச்சிருக்கிறது உங்க ஃபண்டு. எங்க பங்குதாரர் கூட்டத்துல ஓட்டுக்குக் கை தூக்குறது அவங்கதான், நீங்க இல்லை. உங்க காசுக்குக் கணக்குப் பார்த்தா, இந்தக் கேட்டுல ஒரு ஆணிகூட உங்களுக்கு வராது."

"எந்த ஆணின்னு சொல்லுங்க, அதையாவது நான் துடைச்சு வெச்சுக்கிறேன்."

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மணல் குவியலுக்குக் கூரை வரவில்லை. அது செலவு, மேலிடத்தில் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வழியெல்லாம் அண்ணன் பொரிந்து தள்ளினார். "அப்பவே சொன்னேன், கேட்டியா? எடுத்துத் தொலை!"

"எடுத்தா அவனுக்கு என்ன நட்டம்ண்ணே? என் பங்கை வேற எவனாவது வாங்கிப்பான். அவன் வீட்டு மாடியில மணல் விழப் போறதில்லை. அவன் எதுக்குக் கேட்கப் போறான்?"

"அதுக்காக?"

"அவன் செய்யுறதும் கெட்ட வேலை இல்லையே. வெயிலைப் பிடிக்கிற கண்ணாடி. நானும் வெயிலை நம்பித்தானே பொழைக்கிறேன்? குவியலை மூடுன்னுதான் சொல்றேன், கம்பெனியை மூடுன்னு சொல்லலை."

தங்கை இப்படி மடக்கும் நேரத்தில் அண்ணன் அவளைப் பெருமையாகப் பார்ப்பார். அன்றும் பார்த்தார், ஆனால் முகத்தை மட்டும் கோபமாகவே வைத்துக்கொண்டார்.

சொட்டு தன் வீட்டுத் தலையணை உறை ஒன்றை எடுத்தாள். பாதியைப் பிளாஸ்டிக் பையால் சுற்றி, பாதியைத் திறந்து விட்டு, காற்று நாளில் கொடியில் போட்டாள். அவிழ்த்தபோது பாதி பால் வெள்ளை, பாதி பழுப்பு. நடுவில் கோடு போட்ட மாதிரி இருந்தது. அண்ணன் இடையில் காகிதம் வைத்து, தூசி ஒரு துளிகூட உதிராமல் மடித்துக் கொடுத்தார். அண்ணன் மகள் நாலு வரி எழுதி உள்ளே வைத்தாள். பார்சல் ஃபண்ட் ஆபீசுக்குப் போனது.

காற்று அடங்கும்வரை துணி மாடிக்குப் போகவில்லை. மாடிப்படி, நடை, அண்ணன் படுக்கும் அறை என்று எல்லா இடத்திலும் விரிப்பு தொங்கியது. சரியாகக் காயாததை அண்ணன் இஸ்திரியாலேயே காய வைத்தார். தோள்பட்டை விட்டுப்போயிற்று. "இப்போ கரண்டு பில் யாரு கட்டுறது?" என்று மட்டும் அவ்வப்போது குத்துவார்.

ஒரு நாள் போன் வந்தது. சின்னப் பெண் குரல். "மேடம், ஃபண்டுலேர்ந்து பேசுறேன். கம்பெனிகளோட பேசுறதுதான் எங்க வேலை. புகார் நிறைய வரும். தலையணை உறை வந்தது இதுதான் முதல் தடவை."

"மடிப்புக் கலையாம வந்துச்சா?"

"ரொம்ப அழகா இருந்துச்சு."

"அது எங்க அண்ணன்."

மேசைக்குப் பின்னாலிருந்த அண்ணன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"மேடம், பட்டியலைப் போடுறது நாங்க இல்லை, வேற நிறுவனம். இந்தக் கம்பெனியை எடுத்துடுங்கன்னு நாங்க அவங்ககிட்ட கேட்கலாம். இல்லேன்னா, பங்கு வெச்சிருக்கிறவங்கங்கிற முறையில கம்பெனிகிட்டயே பேசலாம். நீங்க என்ன நினைக்கிறீங்க?"

எடு, எடு என்று அண்ணன் கையால் ஜாடை காட்டினார். சொட்டு அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"பேசுங்கம்மா. எடுத்துட்டா அப்புறம் எந்த முறையில பேசுவீங்க? பேசிப் பார்த்தும் கேட்கலேன்னா அப்போ எடுங்க."

"பேசுறோம். நடக்கும்னு உறுதி சொல்ல முடியாது."

"வேண்டாம். உறையை மட்டும் மறக்காமத் திருப்பி அனுப்பிடுங்க. அது ஜோடி."

மழை முடிந்து காற்று மறுபடி எழும் சமயத்தில், பின்தெருவில் இரும்புத் தூண் நட்டார்கள். குவியலுக்கு மேல் தகரக் கூரை வந்தது. மூன்று பக்கம் தடுப்பும், தண்ணீர் தெளிக்கக் குழாயும் வந்தன.

"அத்தை ஒருத்தியால நடந்ததில்லப்பா," என்றாள் அண்ணன் மகள். "பின்தெருக்காரங்களும் மனு குடுத்திருக்காங்க. வேற ஃபண்டுங்களும் கேட்டிருக்காங்களாம்."

"நீ சொல்றதை நீ சொல்லு. டீக்கடையில சொல்லப் போறது நான்."

காற்று பலமாக அடிக்கும் நாளில் இன்னமும் கொஞ்சம் தூசி வரத்தான் செய்கிறது. அன்றைக்குச் சொட்டு மாடிக்குப் போவதில்லை. மற்ற நாளெல்லாம் கொடி நிறைய வெள்ளை. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் விரிப்பை உள்ளங்கையால் தேய்த்தாள், கையைத் திருப்பிப் பார்த்தாள், அடுத்த அழுக்கு மூட்டையைச் சொட்டு பக்கம் தள்ளினாள். அண்ணன் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். தோள்வலி நினைவே வரவில்லை.

திரும்பும் வழியில் காவலாளி காலைத் தூக்கிக் காட்டினார். "முதலாளியம்மா, பூட்ஸ் வந்துடுச்சு!"

"நான் அதைப் பத்திக் கேட்கவே இல்லையேப்பா!"

"பரவாயில்லை, உங்க கணக்குலயே இருக்கட்டும்."

கடையில் ஒரு பார்சல் காத்திருந்தது. ஃபண்டுக்காரப் பெண் உறையைத் திருப்பி அனுப்பியிருந்தாள். அழுக்காக அனுப்ப மனமில்லாமல் அவளே துவைத்தும் இருந்தாள். சொட்டு அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நீலம் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது.

"பாவம், நல்ல மனசு. நீலத்தைக் கரைக்காமயே ஊத்தியிருக்கா." சிரித்துக்கொண்டே வாளியில் முக்கினாள். "அண்ணே, இதுக்கு ஜோடி எங்க?"

அண்ணன் அதை முன்பே இஸ்திரி போட்டு, மேசை ஓரத்தில் தனியாக எடுத்து வைத்திருந்தார்.