இரண்டு டப்பா சக்கரை

எங்கள் கம்பெனியில் காரைச் சுடுவோம். ஊரில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஆனால் உண்மை. பெயின்ட் அடித்த கார் பாடி ஒரு தெரு நீளத்துக்கு இருக்கும் ஓவனுக்குள் மெதுவாக ஊர்ந்து போய், வெந்து, மறுபக்கம் வெளியே வரும். ‘பேக்’ என்ற சொல்லை நான் கற்றது ஒரகடத்தில், அந்த ஓவன் வாசலில்தான். விளாத்திகுளம் பக்கத்திலிருக்கும் எங்கள் கிராமத்துக்காரர்களுக்கு பேக்கரி என்றால் பஸ் ஸ்டாண்டில் தேங்காய் பன் விற்கிற கண்ணாடிக் கடை. அங்கே யார் எதை எப்படிச் சுடுகிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சூப்பர்வைசர், “பாடி பேக் ஆயிடுச்சா பாரு” என்றபோது, எதையோ கட்டி அனுப்பச் சொல்கிறார் என்று நினைத்து, “அட்டைப்பெட்டி எங்க சார் இருக்கு?” என்று கேட்டேன். லைனே சிரித்தது. “காருக்கு அட்டைப்பெட்டி கேட்டவன்” என்ற பெயர் எனக்கு வெகுநாள் இருந்தது.

அதன்பின் ஆறு வருடம் அந்த ஓவன் பக்கத்தில்தான் நிற்கிறேன். ஆனால் என் வீட்டுக்குள் எதையாவது சுட வேண்டும் என்ற நிலைமை இந்த வருடம்தான் வந்தது. அதற்குக் காரணம் என் தங்கை கனகா.

கனகா பிளஸ் டூ முடித்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் பாகங்கள் பூட்டும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். ஒருநாள் லைனில் நின்றபடியே மயங்கி விழுந்துவிட்டாள். ரத்தம் மிகவும் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் ஓய்வு. திரும்பி வரும்போது ரத்தம் ஏறியிருந்தால் லைனில் நிற்கலாம், ஏறாவிட்டால் கான்ட்ராக்ட் அத்தோடு முடிந்தது. பென்னலூரில் நான் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டுக்கு அவளைக் கூட்டிவந்தேன். விஷயம் தெரிந்த மூன்றாம் நாள் காலையில் அம்மா பஸ்ஸை விட்டு இறங்கினாள். ஒரு கையில் ஊர்ப் பண்டங்கள் கட்டிய மூட்டை, மறுகையில் ஒரு காலிப் பை.

“எதுக்கும்மா காலிப் பை?” என்றேன்.

“அவ துணிமணிய எடுத்து வைக்கத்தான். எய்யா, புள்ள மூஞ்சியப் பாத்தியா? சுண்ணாம்பு அடிச்ச கணக்கால்ல இருக்கு. இந்த ஊரு போதும். கூட்டிட்டுப் போயி ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துருதேன்.”

“நான் வரல,” என்றாள் கனகா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

“நீ வராம? எந்திரிச்சு நிக்க முடியல, வாய் மட்டும் நிக்குது.”

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். நான் தேறியதைப் பார்த்துத்தான் கனகாவை அனுப்பினார்கள். கனகா இங்கே வந்து நிலைத்ததைப் பார்த்து எங்கள் தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் பெண்பிள்ளைகள் அப்பாக்களிடம் வேலைக்குப் போகும் பேச்சை எடுத்திருக்கிறார்கள். இவள் இப்போது காலிப் பையை நிரப்பிக்கொண்டு போய் இறங்கினால், அந்தப் பேச்செல்லாம் அங்கேயே அமுங்கிவிடும். ஆகவே ரத்தம் ஏறியாக வேண்டும். எனக்கும் அவளுக்கும் அதில் இரண்டாம் எண்ணம் இல்லை. அம்மாவிடம் மருத்துவச் சோதனை வரைக்கும் பொறுக்கச் சொன்னேன். “அது வரைக்கும் இருக்கேன். ஏறலன்னா அன்னிக்கே பஸ்ஸு,” என்றாள். பை ஆணியில் தொங்கியது.

கனகாவை உட்கார வைத்துக் கேட்டபோதுதான் விவரம் வந்தது. இடைவேளையில் கேன்டீன் வரிசையில் நின்று சாப்பிட்டுத் திரும்ப நேரம் போதாது. அதனால் ஒரு டீயும் கிரீம் பிஸ்கட்டும்தான் ஆகாரம். பள்ளிக்கூடத்திலேயே ஒருமுறை சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்; வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டியதால் தூக்கி எறிந்திருக்கிறாள். இப்போதும் அதே பயம். அவளுக்குத் தேவை, நின்றுகொண்டே கடித்துத் தின்னக்கூடிய, வயிற்றில் நிற்கக்கூடிய ஒரு பண்டம். போனில் தேடினேன். ஓட்ஸ், பேரீச்சை, உலர்ந்த திராட்சை, அத்திப்பழம் எல்லாம் போட்டு வீட்டிலேயே செய்யும் குக்கீஸ். மைதா வேண்டாம். இது நம்மால் முடியும் என்று தோன்றியது. ஓவன் வேலை எனக்குத் தெரியாததா என்ன!

ஓவன் கீழ்வீட்டில் இருந்தது. வீட்டுக்கார தேவகி அக்கா இந்த மண்ணுக்காரர். முன்பு இவர்கள் பயிர் வைத்த நிலத்தில் இப்போது யாரோ டயர் அடுக்கியிருக்கிறார்கள். அவர் வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணன் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். குன்றத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் வாங்கி, இரண்டு தடவை கேக் செய்துவிட்டுப் போட்டுவிட்டுப் போன ஓவன் பரண்மேல் கிடந்தது.

“எட்துக்கோப்பா, சும்மாதான் கெடக்குது,” என்றார் அக்கா. “ஆனா எங்க வூட்டுக்காருக்கும் நாலு போட்டுக் குடுத்துடு. டூட்டில கண்டதையும் வாங்கித் துன்றாரு.” அம்மா பக்கம் திரும்பி, “அவுருக்குச் சக்கரை கீது. பாத்துப் போடுமா,” என்றார்.

“அதுக்கென்ன தாயி, பாத்தே போடுதேன்,” என்றாள் அம்மா.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த வாக்கியத்தில் எனக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை. அம்மாவுக்கும் எழவில்லை. அதுதான் பின்னால் வினையானது.

முதல் தட்டு கரியாகிப் போனது. ஓவனை முன்கூட்டியே சூடாக்கினேன், கதவைத் திறக்காமல் நின்றேன், கம்பெனியின் பெயின்ட் பிரிவில் கற்ற எல்லாவற்றையும் செய்தேன். சொன்ன நேரத்தில் எடுத்துத் தொட்டால் மெத்தென்று இருந்தது. வேகவில்லை என்று திரும்ப உள்ளே தள்ளினேன். மறுபடியும் மெத்தென்று இருந்தது. மறுபடியும் தள்ளினேன்.

“ஏ அண்ணே, இது என்ன காரா? பம்பர் மாதிரி ஆக்கிட்டியே,” என்றாள் கனகா. பல நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். அம்மா ஒன்றை எடுத்துத் தரையில் தட்டிப் பார்த்தாள். “இத வச்சு ஆணி அடிக்கலாம். படிச்ச புள்ளைக சமையலு!”

ஆறினால்தான் அது இறுகும் என்று பிறகு படித்தேன். கம்பெனியிலும் அப்படித்தான். ஓவனை விட்டு வந்த பாடியை ஆறும்வரை யாரும் தொடுவதில்லை. காருக்குக் கொடுத்த பொறுமையை என் வீட்டுத் தட்டுக்குக் கொடுக்கத் தோன்றவில்லை.

இரண்டாம் தட்டில் அம்மா உள்ளே வந்தாள். அதுவரை வாசலில் உட்கார்ந்து, ஓட்ஸை உள்ளங்கையில் வைத்து, “என்னது இது, அவலுக்குக் காச்சல் வந்த மாதிரி இருக்கு” என்று பழித்துக்கொண்டிருந்தவள், கனகா பேரீச்சையை நறுக்கும் லட்சணம் பொறுக்காமல் கத்தியைப் பிடுங்கினாள். நான் ஓட்ஸை வறுத்தேன். கனகா அதில் பாதியை மிக்ஸியில் திரித்தாள். அம்மா நிலக்கடலையைத் தோல் நீக்கி ஒன்றிரண்டாக இடித்தாள், எள்ளை அவளாகவே சேர்த்தாள், ஊரிலிருந்து கொண்டுவந்த சக்கரையை அள்ளிப்போட்டுப் பிசைந்தாள். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து உருட்டித் தட்டினோம். அந்தத் தட்டு பொன்னிறமாக வந்தது. கனகா இரண்டைத் தின்று, கொஞ்ச நேரம் கழித்து மாத்திரையைப் போட்டாள். குமட்டவில்லை. அம்மா பையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

ஏழுமலை அண்ணனுக்கு, நான் ஷிப்டில் இருந்த நேரத்தில் அம்மா தனியாகப் பிசைந்து சுட்டது ஒரு டப்பா போனது. அன்றிலிருந்து டப்பா காலியாகக் காலியாக மேலே வந்தது, நிரம்பிக் கீழே போனது. ஒருநாள் தேவகி அக்கா படியேறி வந்தார். படியேறும் சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

“இன்னாமா நெனச்சிகினு கீற நீ? அவுருக்கு டெஸ்டு எட்தா தாறுமாறா ஏறிகீது! பாத்துப் போடுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?”

“பாத்துத்தானே தாயி போட்டேன்? அவுகளுக்குன்னு ரெண்டு கை கூடவே அள்ளிப் போட்டேன்!”

“எதை?”

“சக்கரைய! நீதானே சொன்ன, அவுகளுக்குச் சக்கரை கேக்குதுன்னு?”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. எங்கள் பக்கம் வெள்ளையாக இருப்பது சீனி. சக்கரை என்றால் வெல்லம் போலப் பழுப்பாக இருக்கும் நாட்டுச்சக்கரை. தின்னக் கேட்பார்கள், கொடுக்க வேண்டும். இந்தப் பக்கம் வெள்ளையாக இருப்பதே சக்கரை. அந்த வியாதிக்கும் அதே பெயர். அக்கா சொன்ன ‘கீது’ அம்மா காதில் ‘கேக்குது’ என்று விழுந்திருக்கிறது. ஆசையாகக் கேட்கிற மனிதருக்கு அவள் குறை வைக்கவில்லை. நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆறு வருடத்தில் என் காது இந்த ஊர்க்காதாகியிருந்தது. அக்கா பேசியது எனக்கு நேராகவே புரிந்ததால், அது இன்னொருவருக்குப் புரியாமல் போகும் என்றே நினைக்கவில்லை.

“துன்னும்போதே தித்திச்சிருக்குமே, அவுரு ஒண்ணும் சொல்லலியா?” என்று நான் கேட்டதும் அக்காவின் கோபம் படிக்குக் கீழே திரும்பியது. “யோவ்! தெரிஞ்சேதான் துன்னியா?” கீழேயிருந்து, பஸ்ஸை எடுக்கப் போகிறவர்போல செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. ஆனாலும் ஓவன் அன்றே கீழே போய்விட்டது. போகும்போது அக்கா, “தமிழு தெரியாத ஜனங்க கைல குடுத்தேன் பாரு,” என்றார்.

அந்தச் சொல் அம்மாவைத் தைத்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவள் என்று யார் சொன்னாலும் அவள் கோபித்ததில்லை. தமிழ் தெரியாதவள் என்றால் எப்படி? “எனக்கா தமிழ் தெரியாது? இருக்கத ‘கீது’ன்னு கடிச்சுத் துப்புத அவளுக்கா தெரியும்?” என்று அன்று முழுக்க அடுப்படியில் பாத்திரங்களோடு சண்டை போட்டாள். மறுநாள் காலை ஷிப்டு முடிந்து நான் வந்தபோது, குக்கருக்குள் மணலைக் கொட்டி, மேலே ஒரு வளையம் வைத்து, தட்டை இறக்கி, விசிலும் ரப்பரும் இல்லாமல் மூடி, சிறுதீயில் வைத்திருந்தாள். மணல் யோசனை கனகாவுடையது, போனில் பார்த்தது. தீ அம்மாவுடையது.

“ஓவன் அவ வீட்டுதுதான். தீயும் அவ வீட்டுதா?” என்றாள்.

ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடி அளவுதான் வெந்தது. அடி கருகாமல் வர இரண்டு நாள் பிடித்தது. நாங்கள் விடவில்லை. பழமும் சக்கரையும் போட்டது கனகாவுக்கு. பிறகு அம்மா, யாரும் சொல்லாமலே, இன்னொரு மாவு பிசைந்தாள். ஓட்ஸ், கடலை, எள், மிளகு, உப்பு. பழம்கூட இல்லை. அது வெந்து ஆறியதும் டப்பாவில் போட்டுக்கொண்டு தானே படியிறங்கினாள். நான் பின்னால் போனேன்.

தேவகி அக்கா டப்பாவை வாங்காமல் கேட்டார்: “இதுல சக்கரை கீதா?”

“ஒங்க சக்கரையும் கெடையாது, எங்க சக்கரையும் கெடையாது. கடிச்சுப் பாரு.”

அக்கா கடித்தார். மென்றார். மிளகு தொண்டையில் ஏறி இருமினார். இருமிக்கொண்டே சிரித்துவிட்டார். “குந்துமா. டீ துன்ட்டு போவியாம்,” என்றார்.

“டீயத் திங்கவா சொல்லுதா?” என்று அம்மா என் காதில் கேட்டாள். “குடிக்கத்தான்மா. பேச்சு வாக்குல வந்துருச்சு,” என்றேன். அம்மா உட்கார்ந்தாள். சாயங்காலம் ஓவன் மேலே வந்தது.

சோதனை நாளன்று கனகாவோடு நானும் போனேன். ரத்தம் ஏறியிருந்தது, இன்னும் ஏற வேண்டும், மாத்திரையை விடக் கூடாது, ஆனால் லைனில் நிற்கலாம் என்றார்கள். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா ஆணியிலிருந்து பையை எடுத்தாள். கனகாவின் துணி எதையும் தொடவில்லை. ஒரு டப்பா குக்கீஸை மட்டும் உள்ளே வைத்தாள். “பஸ்ஸுல எனக்கு,” என்றாள். பிறகு, “தெருவுல அந்த ரெண்டு புள்ளைகளுக்கும் குடுக்கணும்,” என்றாள். அந்தப் பை அவ்வளவு லேசாக ஊர் திரும்பும் என்று நாங்கள் மூவருமே எதிர்பார்க்கவில்லை.

கிளம்புமுன் இன்னொன்று நடந்தது. இனி தப்பு நடக்கக் கூடாதென்று தேவகி அக்கா மேலே வந்து, எங்கள் வெள்ளை டப்பாவில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி ‘சக்கரை’ என்று எழுதினார். என்ன எழுதினார் என்று அம்மா கேட்டாள். சொன்னேன். “அது சீனி. இதுதான் சக்கரை. எழுது தாயி,” என்று கனகாவிடம் நாட்டுச்சக்கரை இருந்த பழுப்பு டப்பாவை நீட்டினாள். அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. அம்மாவும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு டப்பாவும் ஒரே பெயரோடு அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

ஹாஸ்டலை விட்டுவிட்டுக் கனகா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சுடுகிறோம். அவள் இடைவேளை டப்பாவில் லைனே கைவைக்கிறது என்று புகார் சொல்கிறாள். அதனால் இரண்டு தட்டு. போன வாரம் மாவு பிசையும்போது அம்மா போனில் வந்தாள். ஸ்பீக்கரில் போட்டோம்.

“சக்கரை தீந்துபோச்சா, இருக்கா?” என்று கேட்டாள்.

கையில் மாவோடு இருவரும் அலமாரியை நிமிர்ந்து பார்த்தோம். கனகா பழுப்பு டப்பாவைப் பார்த்தாள். நான் வெள்ளை டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இருக்கும்மா,” என்றோம், ஒரே குரலில்.