தண்ணீர் ஊற்றாத காரும் என் மேல் விழுந்த பழியும்

எண்பதுகளின் கடைசியில், ஓர் ஆனி மாதத்தில் தொடங்கியது இந்தச் சண்டை. திருப்பூர் ராயபுரத்தில் அப்போது குடியிருந்தோம். என் கணவரும் அவருடைய அண்ணனும் வீட்டுக்குப் பின்னாலேயே சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்தினார்கள். அங்கே தைத்து வருகிற பனியன்களில் குறை பார்க்கிற செக்கிங் பகுதி என் பொறுப்பு.

என் கணவர் ஊட்டிப் பக்கம் ஓர் எஸ்டேட்டிலிருந்து பழைய ஜெர்மன் கார் ஒன்றை வாங்கி வந்தார். ஆமை மாதிரி முதுகு வளைந்த கார். எஞ்சின் பின்னால், டிக்கி முன்னால். ரேடியேட்டரே கிடையாது. உள்ளே சுற்றும் ஒரு விசிறிதான் காற்றை இழுத்து எஞ்சினைக் குளிர வைக்கும். அதில்தான் கார் ஓட்டப் பழகினேன், லைசென்ஸும் வாங்கினேன். எங்கள் தெருவிலேயே அன்றைக்கு ஸ்டீரிங் பிடித்த ஒரே பெண் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்!

கணவரின் அண்ணனை வீட்டில் எல்லோரும் பெரியவர் என்போம். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். நான் வண்டி ஓட்டுவது அவருக்கு ஆரம்பத்திலிருந்தே கண்ணில் விழுந்த தூசிதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை சிவன்மலை முருகனைப் பார்க்கக் கிளம்பினோம். நான் ஓட்ட, பெரியவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காங்கயம் சாலையில் படியூர் வருவதற்குள் எண்ணெய் தீய்கிற வாடை குப்பென்று அடித்தது. கடகடவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், வண்டி நின்றுவிட்டது. கம்பெனி வேனை வரவழைத்து, கயிறு கட்டி இழுத்து வந்தோம்.

வீட்டு வாசலில் இறங்கியதுமே பெரியவர் ஆரம்பித்துவிட்டார். "பொம்பள ஓட்டற வண்டியா இது? கியரை மாத்தத் தெரியாம இழுத்து இழுத்தே எஞ்சினக் கொன்னு போட்டீங்க அம்மிணி."

மறுநாள் மெக்கானிக் வந்தார். முன்பக்கத்தைத் திறந்தார், டிக்கியைப் பார்த்து முழித்தார், மூடினார். பின்பக்கம் போய், "தண்ணி எங்கீங்க ஊத்தறது?" என்று கேட்டார். ஊற்ற வேண்டாம் என்றதும் வண்டி மேலேயே அவருக்கு மரியாதை போய்விட்டது. எஞ்சினில் ஒரு ஸ்பானர்கூட வைக்காமல், "சீஸ் ஆயிருச்சுங்க, உள்ள இறுகிப்போச்சு. எடைக்குப் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பழைய இரும்புக் கடைக்காரரிடம் பெரியவர் அன்றைக்கே பேசிவிட்டார். நல்ல வேளை, அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் எங்கள் வீட்டில் வண்டி வாகனத்தைக் கைமாற்ற மாட்டார்கள். "ஆவணி பொறந்ததும் வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லியாச்சு" என்றவர், அதோடு விட்டிருக்கலாம். "இனிமே இந்த ஊட்டுல பொம்பளைங்க யாரும் ஸ்டீரிங்கத் தொடக் கூடாது" என்று ஒரு சட்டமும் போட்டார்.

கார் போனால் போகட்டும் என்றுகூட இருந்திருப்பேன். இந்தப் பேச்சில்தான் எனக்கு நெஞ்சு கொதித்தது. நான் ஒழுங்காகத்தான் ஓட்டினேன் என்று எனக்குத் தெரியும். அதை நிரூபிக்காமல் விட்டால், அந்த வீட்டில் எனக்கு மட்டுமல்ல, நாளைக்கு என் மகளுக்கும் சேர்த்துக் கதவு மூடிவிடும்.

காரோடு டிக்கியில் ஒரு தடித்த ஆங்கில ரிப்பேர் புத்தகம் வந்திருந்தது. கிரீஸ் கறை படிந்த படங்கள், படம் முழுக்க எண்கள். நான் ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், கார் நின்ற கம்பெனி ஷெட்டில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். வீட்டிலேயே யாரும் இந்த வேலைகளைச் செய்யலாம் என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தது. படிப்பவர் ஆணா பெண்ணா என்று அந்தப் புத்தகம் ஓரிடத்திலும் கேட்கவில்லை!

"விடு புள்ள, அண்ணங்கிட்ட எதுக்கு வம்பு?" என்றார் என் கணவர்.

"உங்களுக்கு வம்பு வேண்டாம்னா டார்ச்சை மட்டும் புடிங்க" என்றேன். பாவம், பிடித்தார்.

எஞ்சின் இறுகிவிட்டது என்று முடிவு கட்டுமுன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, பெல்ட் ஓடும் சக்கரத்தின் நட்டில் ஸ்பானரைப் போட்டுக் கையால் சுற்றிப் பார்க்கச் சொன்னது புத்தகம். போட்டேன். என் முழு எடையையும் அதன் மேல் சாய்த்தேன். மெதுவாக நகர்ந்தது, அப்புறம் முழுசாகச் சுற்றியது. "சுத்துதுங்க! சீஸும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!" என்று நான் போட்ட கூச்சலில் செக்கிங் பெண்கள் எல்லோரும் எழுந்து ஓடி வந்துவிட்டார்கள்.

அப்படியானால் ஏன் சூடேறியது? விசிறிக்குக் காற்று போகிற வழியில் அடைப்பு இருக்கிறதா என்று பார், விசிறிக் கூட்டைக் கழற்று என்றது புத்தகம். செக்கிங்கில் துணியில் ஓட்டை, கறை இருந்தால் அந்த இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம். அதே ஸ்டிக்கர்களில் எண் எழுதி, கழற்றிய ஒவ்வொரு பாகத்திலும் ஒட்டி வரிசையாகத் தரையில் வைத்தேன். கார்புரேட்டர், பெல்ட், திருகுகள் என்று எல்லாம் வெளியே வந்தன. கடைசியில் நானும் கணவரும் அந்தத் தகரக் கூட்டைத் தூக்கினோம்.

விசிறியின் வாயை அடைத்துக்கொண்டு ஒரு துணி. ஓரமெல்லாம் கருகிய மெரூன் கலர் ரிப் துணி, கழுத்துப்பட்டிக்குப் போடுவது. எந்தக் கடையிலும் வாங்கியது அல்ல, எங்கள் ஆர்டருக்கு நாங்களே நிட்டிங் மெஷினில் ஓட்டிய துணி!

"இதை யார் இங்க வெச்சது?" என்று கத்தினேன். சத்தம் கேட்டு வந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். "சிவன்மலைக்குப் போறதுக்கு மொத நாளு நாந்தான் வெச்சேன். ஷெட்டுல நிக்கற வண்டி, பஞ்சு உள்ள போயிருமில்ல" என்று சாதாரணமாகச் சொன்னார்.

எங்கள் ஊர் நிட்டிங் ஷெட்டுகளில் சும்மா நிற்கிற மோட்டார்களில் திறந்திருக்கும் இடத்திலெல்லாம் பனியன் துணியைச் செருகி வைப்பார்கள். இல்லாவிட்டால் பறக்கிற பஞ்சு உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். அந்தக் கைப்பழக்கத்தில், நல்லது செய்வதாக நினைத்து, எஞ்சினுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்த அந்த ஓட்டையிலும் துணியைத் திணித்திருக்கிறார். காற்றையே நம்பி ஓடுகிற எஞ்சினின் மூக்கைப் பொத்திவிட்டு, ஓடவில்லை என்று என்னைத் திட்டியிருக்கிறார்.

"மாமா, எஞ்சினக் கொன்னது என்ற கை இல்லீங்க. உங்க துணிதானுங்க" என்றேன். அவரிடம் அப்படி நேருக்கு நேர் அதுவரை நான் பேசியதில்லை.

"சரி சரி, இப்ப அதுக்கென்ன?" என்று போய்விட்டார்.

புது பெல்ட் கோயமுத்தூரிலிருந்து வந்தது. எண்ணெய் மாற்றி, வால்வு இடைவெளியைப் புத்தகத்தில் சொன்னபடி சரிசெய்து, ஸ்டிக்கர் எண்களைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் திரும்ப மாட்டினோம். சாவியைத் திருப்பினேன். முதலில் இருமியது. அப்புறம் குபுகுபுவென்று புகையைக் கக்கிவிட்டு, தடதடவென்று சீராக ஓட ஆரம்பித்தது. எனக்கு அழுகை பொங்கிவிட்டது. ஒளித்துத் துடைக்கவில்லை, எல்லோரும் பார்க்கவே துடைத்தேன்.

பெரியவரும் வந்து நின்று கேட்டார். "ஓடுதில்ல? அப்பறமென்ன, இரும்புக் கடைக்கு எதுக்கு? ஆவணில நல்ல வெலைக்கே குடுத்தரலாம்" என்றாரே பார்க்கலாம்! அடப்பாவமே, மனுஷர் அசரவே இல்லை!

"சாவி என்ற கிட்ட இருக்குதுங்க மாமா. குடுக்கறதா இல்லீங்க" என்றேன். "அனுப்பர்பாளையத்துல தைக்கக் குடுத்த பனியன் பீஸை எடுக்கப் போகோணும்னீங்களே, வேன் டிரைவர் வரலை. ஏறுங்க, போலாம்."

ஷெட் மொத்தமும் அவரையே பார்த்தது. அண்ணன் பேச்சை ஒருநாளும் மீறாத என் கணவர், டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பெரியவர் கொஞ்ச நேரம் வேட்டியைச் சரிசெய்துகொண்டே நின்றார். அப்புறம் முன்கதவைத் திறந்து ஏறினார்.

அனுப்பர்பாளையம் போய்ச் சேர்ந்தோம். பீஸ் மூட்டையை ஏற்றி முடித்ததும், "திரும்பிப் போறப்ப கொஞ்சம் மெதுவாப் போங்க அம்மிணி" என்று மட்டும் சொன்னார். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் அதை எதிர்பார்க்கவில்லை. பொம்பளைங்க ஸ்டீரிங்கத் தொடக் கூடாது என்ற சட்டம் அதன் பிறகு அந்த வீட்டில் யார் வாயிலிருந்தும் வரவில்லை. இத்தனை வருஷம் கழித்தும், "உன்னாலதான் கெட்டுப்போச்சு" என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் தலையைக் குனிவதில்லை, "வாங்க, கழட்டிப் பாத்தரலாம்" என்கிறேன்.