அது மிஸ்ஸு தண்ணி

ஆன்சி மிஸ் சிறிய எவர்சில்வர் டம்ளரை ஐந்தாறு மிடறில் காலி செய்கிறார். கவிழ்த்து வைக்கிறார். கரும்பலகையின் வலது மூலைக்குப் போய் ஒரு கோடு இழுக்கிறார். மேலே ‘வருகை 34’ என்று இருக்கிறது. அதன் கீழே இப்போது மூன்று கோடுகள். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பலகையைத் துடைக்கும்போது அந்த மூலையை விட்டுவிடுவார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி தெரியாமல் அங்கே டஸ்டரைக் கொண்டுபோக, கடைசி வரிசையிலிருந்து சரண்யாதேவி கத்தினாள்: “ஏய், அது மிஸ்ஸு தண்ணிடி! தொடாத!”

ஆன்சிக்கு இருபத்து நான்கு வயது. தல்லாகுளம் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டன. நாளொன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். மீறினால் கால் வீங்கும். டம்ளர் நூறு மில்லி. பள்ளி நேரத்துக்கென அவர் ஒதுக்கிக்கொண்டது நான்கு கோடு. இந்த ஊர் வெயிலில், தொண்டை காயப் பேசுகிற வேலையில், நான்கே கோடு. “நாக்கு ஒட்டிக்கிருச்சுன்னா பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிட்டு சும்மா நின்னுக்கிருவேன். எம்புட்டு பொறுமையான மிஸ்ஸுன்னு நினைச்சுக்கிருவாங்க” என்று சிரிப்பார்.

சாயங்காலம் பலகையைத் துடைக்குமுன் கோடுகளை ஒரு வருகைப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்வார். மாணவர் பெயர் எழுதும் இடத்தில் தண்ணீர், எடை, பிரஷர், கால்வீக்கம். மூன்று மாதமாக ஒரு நாள் விடுபட்டதில்லை.

இதையெல்லாம் பதிய அவருடைய போனில் ஒரு செயலியும் இருக்கிறது. ஏற்றிக் கொடுத்தவன் நான். அவர் போகும் மருத்துவமனையில், இளம் நோயாளிகளுக்கான திட்டத்தில் எனக்கு ஒப்பந்த வேலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை செயலி மணி அடிக்கும். அரை மணிக்குள் குடித்த அளவைப் பதிய வேண்டும். தவறினால் கட்டம் பூட்டிக்கொண்டு சிவப்பாகிவிடும். அந்தப் பள்ளியிலோ, காலைப் பிரேயருக்கு முன்பே ஆசிரியர்களின் போன்களெல்லாம் தலைமையாசிரியை அறையில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போய்விடும். நாலரைக்குத்தான் வெளியே வரும். “டின்னுக்குள்ள கெடந்து அது பாட்டுக்குக் கத்துது பிரதர். நான் தண்ணி குடிக்கிற நேரம் என்னையவிட ஹெச்.எம்.முக்கு நல்லாத் தெரியும்.”

இந்தச் செயலிக்காக எங்களுக்கு நடந்த பயிற்சியின்போது “சந்தேகம் உண்டா?” என்று கேட்டார்கள். வகுப்பு நேரத்தில் ஒரு டீச்சரின் போன் எங்கே இருக்கும், ஜவுளிக்கடையில் நிற்கிற பெண்ணின் போன் எங்கே இருக்கும் என்று நான் கேட்டிருக்கலாம். வாக்கியத்தை ஆங்கிலத்தில் கோத்து முடிப்பதற்குள் டீ வந்துவிட்டது. வீட்டிலேயே முதலில் பட்டம் வாங்கியவன் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அந்தப் பட்டம் ஒரு கேள்விக்குக்கூட உதவவில்லை.

போன வியாழக்கிழமை ஆன்சிக்கு முக்கியமான நாள். அவருடைய அம்மா ஞானம் ஒரு சிறுநீரகம் தர முன்வந்திருக்கிறார். அம்மாவுக்கான பரிசோதனைகளை எப்போது தொடங்குவது என்று டாக்டர் அன்று சொல்ல வேண்டும். வெளியே பெஞ்சில், திருமங்கலத்திலிருந்து வந்த ஜெயபாண்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அதே நோய், அதே செயலி. அவன் திரை முழுக்கப் பச்சை.

“டீச்சருக்கே ஃபெயிலா?” என்று எட்டிப் பார்த்துச் சிரித்தான். “மணி அடிச்சா நூறுன்னு ஒரு தட்டு தட்டணும். குடிச்சது எம்புட்டுன்னு எவன் பாக்கப் போறான்?”

“உன் காலு பாக்குமேடா” என்றார் ஆன்சி. அவன் பாதங்கள் செருப்பு வாருக்கு இருபுறமும் பிதுங்கியிருந்தன. நர்ஸ் எடை பார்த்ததில் அவனுக்கு நான்கு கிலோ கூடியிருந்தது. ஆன்சிக்குப் போன மாத எடையேதான்.

ஆன்சியோடு நானும் உள்ளே போனேன். டாக்டரம்மா எடைச் சீட்டைப் பார்க்கவில்லை. கணினித் திரையைப் பார்த்தார். “முப்பத்தொரு சதவீதம்தான் பதிவாயிருக்கு. இம்புட்டு அலட்சியமா இருந்தா, அம்மாவோட கிட்னிய வாங்கி எப்படிக் காப்பாத்துவீங்க?”

ஆன்சி பதிவேட்டை நீட்டினார். டாக்டரம்மா இரண்டு பக்கம் புரட்டினார். “நல்லாத்தான் எழுதிருக்கீங்க. ஆனா சிஸ்டத்துல இல்லையேம்மா.”

நான் பிஸ்கட் டின்னைப் பற்றிச் சொன்னேன். ஆபீசுக்கு மெயில் போடச் சொன்னார். இரண்டு போட்டாயிற்று, பதிலில்லை என்றேன். மூன்றாவது போடச் சொன்னார். பிறகு ஆன்சியின் நீல அட்டைக் கோப்பை இழுத்து, மேலேயே சிவப்பு மையில் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதினார். பரிசோதனை மூன்று மாதம் தள்ளிப்போனது. ஆன்சியின் சிறுநீரகங்களிடம் அந்த மூன்று மாதம் இருக்கிறதா என்று எந்தக் கட்டத்திலும் கேள்வி இல்லை. அடுத்து உள்ளே போன ஜெயபாண்டிக்கு, “வெரி குட்” என்றது என் காதிலேயே விழுந்தது.

ஆன்சி கோப்போடு பெஞ்சுக்குத் திரும்பினார். பன்னிரண்டு மணி. கையிலிருந்த போன் மணி அடித்தது.

வெளியே வந்த ஜெயபாண்டி குனிந்து, “இப்பக் கையிலதான இருக்கு, தட்டுங்க டீச்சர்” என்றான்.

“பாத்து எழுதுன பிள்ளைக்கு நான் மார்க் போட்டதில்ல.”

போனைப் பெஞ்சில் கவிழ்த்து வைத்தார். பாட்டிலிலிருந்து டம்ளரில் ஊற்றி, மெல்லக் குடித்தார். கைப்பையைத் துழாவி ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்தார். கோப்பின் நீல அட்டையை மடியில் நிமிர்த்தி, சிவப்பெழுத்துக்கு நேர் கீழே, அழுத்தி ஒரு கோடு இழுத்தார்.