கிளியம்மாளுக்குக் கொண்டுபோன நன்மை

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் மீன் விற்ற கிளியம்மாள் வாய்க்குப் பேர்போனவள். சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் நகர்கிறவர்களின் மூன்று தலைமுறையையும் இழுப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மாதா கோயில் வாசலில் கூடையை இறக்குவாள். ஒருநாள் கூடையை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பிறகு வாராவாரம் வந்தாள். இரண்டு வருடம் நான்தான் அவளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தேன். நாற்பத்தாறு வயதில், ஈஸ்டருக்கு முந்தின இரவு பாஸ்கா திருவிழிப்பில், ஞானஸ்நானம் பெற்றாள்; ஆண்டவரின் உடலாக நாங்கள் நாக்கில் வாங்கும் அப்பத்தை, நன்மையை, முதல்முறை வாங்கினாள்.

மறுநாள் யாரோ செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு நகர்ந்தார். கிளியம்மாள் வாயைத் திறந்தாள். அப்படியே மூடிக்கொண்டாள்.

“இன்னா பண்றது டீச்சர்? சாமிய வாங்கின வாயி. அதே வாயில எப்பிடி அசிங்கமா பேசறது?” என்றாள் என்னிடம்.

இது சந்திப்பு முழுக்கத் தெரிய ரொம்ப நாள் ஆகவில்லை. திட்டமாட்டாள் என்றதும் கேட்ட விலைக்கு மீனை எடுத்துக்கொண்டு போனார்கள். அவள் கணவன் மாரி கொத்தனார், கோயில் பக்கம் வராதவர். “இன்னா கிளி, ஒன் சாமி வாய்க்கு நல்லா பூட்டு போட்டாரு. அப்பிடியே கடைக்கும் போட்ரச் சொல்லு,” என்பார். அவள் சிரிப்பாள். புகையிலையையும் விட்டிருந்தாள். முப்பது வருடம் வாயில் அடக்கி வைத்த புகையிலை.

மூன்றாம் வருடம் நாக்குக்கு அடியில் ஆறாத புண். பெரிய ஆஸ்பத்திரியில் நாக்கையும் தாடையில் பாதியையும் எடுத்துவிட்டு, மூக்கு வழியாக ஒரு குழாயைச் செருகி அனுப்பினார்கள். மாரி கஞ்சியை வடிகட்டி, சிரிஞ்சில் எடுத்து அதில் விடுவார்.

இரண்டாம் பூசை முடிந்ததும் நோயாளிகளுக்கு நன்மை கொண்டுபோவது என் வேலை. முதல் ஞாயிறு செம்பாக்கம் ஏரிக்கரையில் இருந்த அவள் வீட்டுக்குப் போனேன். ஞானஸ்நானத்துக்குக் கட்டிய வெள்ளைப் புடவையில் காத்திருந்தாள். நன்மை வைத்திருந்த சிமிழைத் திறந்தேன். அவள் வாயைத் திறந்தாள். வாங்கிக்கொள்ள உள்ளே ஒன்றுமில்லை. வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவள் டம்ளரிலிருந்த தண்ணீரைக் காட்டினாள். சிமிழைக் காட்டினாள். பிறகு குழாயைத் தொட்டுக் காட்டினாள்.

“கஞ்சி போற குழாய்ம்மா அது. ஆண்டவரைப் போய் அதுலயா ஊத்துறது? மனசால வாங்கிக்கோ, போதும்,” என்றேன்.

நோயாளிக்கென்று எடுத்துப் போனதைத் திரும்பக் கொண்டுவரக் கூடாது என்று எங்கள் கோயிலில் பழக்கியிருந்தார்கள். அவளுக்கான அப்பத்தை அவள் எதிரிலேயே நான் உட்கொண்டேன். நான் விழுங்கும்வரை என் வாயையே பார்த்தாள். பிறகு என்னைக் கும்பிட்டாள்.

ஏழு ஞாயிறு இப்படியே நடந்தது. ஒவ்வொரு முறையும் குழாயைத் தொட்டுக் காட்டினாள்.

எட்டாவது சனிக்கிழமை மாலை, வேறு எதையோ பேசப்போன இடத்தில் பங்குத்தந்தையிடம் இதைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“ஒரு சின்னத் துணுக்கைத் தண்ணியில கரைச்சு அந்த டியூப்லயே விடலாமே டீச்சர். எத்தனையோ பேருக்கு நானே விட்டிருக்கேன். ஏன் யாரும் எங்கிட்ட கேக்கல?”

யாரும் என்று அவர் சொன்னது என்னைத்தான். கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. தெரிந்ததாகத்தான் நினைத்திருந்தேன்.

காலையில் மருந்துக் கடையில் புது சிரிஞ்ச் வாங்கிக்கொண்டு போனேன். ஏரிக்கரை வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். விடியற்காலை நாலு மணிக்குப் போய்விட்டாளாம். ஐஸ் பெட்டிக்குள் அதே வெள்ளைப் புடவை. குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள். மூக்கோரத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த தடம் மட்டும் தெரிந்தது.

மாரி என் கழுத்தில் தொங்கிய சிமிழைப் பார்த்தார். கையிலிருந்த சிரிஞ்சைப் பார்த்தார். அவர் குரலில் கோபமில்லை.

“வாங்க டீச்சர். இன்னிக்கும் நீங்களே சாப்ட்ருவீங்களா?”