பள்ளி உளவியலுக்கு மூன்று விண்ணப்பங்கள்

பள்ளி ஆலோசகர் வேலை என்பது, ஒரு பிள்ளை சொல்வதைக் கேட்டு, கேட்டதை அச்சடித்த பாரத்தில் எழுதி, பாரத்தைக் கோப்பில் போட்டு, கோப்பைப் பூட்டிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவது. பினாங்குத் தீவில் ஒரு தமிழ்ப்பள்ளியில் பன்னிரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். இடையில், பள்ளி உளவியலில் முதுகலை படித்தே தீருவது என்று கிளம்பி மூன்று முறை விண்ணப்பம் போட்டேன். உங்களிலும் மேற்படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு மின்னஞ்சலைத் திறக்கப் பயந்து உட்கார்ந்திருக்கிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆறுதலாக இருக்கும் என்று சொல்ல முடியாது. துணைக்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் சரி.

பதினொரு மாதம்

தர்ஷினி அப்போது நாலாம் ஆண்டு வகுப்பில் இருந்தாள். வாய் ஓயாமல் பேசுவாள். ஆனால் புத்தகத்தை முன்னால் வைத்தால் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். மூன்று வருடமாக அவளுடைய பதிவேட்டில் மூன்று ஆசிரியர்கள் 'சோம்பல்' என்று எழுதியிருந்தார்கள். என் அறைக்கு அனுப்பினார்கள். ஒரு கதைப்புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். தயங்காமல் வாசித்தாள். திருப்ப வேண்டிய இடத்தில் பக்கத்தைத் திருப்பி, குரலை ஏற்றி இறக்கி, ஒரு முயலும் ஆமையும் கடைக்குப் போன கதையைச் சொல்லி முடித்தாள். படத்தில் முயலும் ஆமையும் இருந்தன. புத்தகத்தில் இருந்த கதை அது இல்லை. அவளால் ஓர் எழுத்தைக்கூட வாசிக்க முடியவில்லை.

இது சோம்பல் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எனக்குத் தெரிந்தால் போதாது. என்ன குறை என்று காகிதத்தில் எழுதிக் கொடுக்க உளவியலாளர் முறைப்படி பரிசோதிக்க வேண்டும். நான் ஆலோசகர்தான். அரசாங்க மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினேன். பதினொரு மாதம் கழித்து ஒரு தேதி கொடுத்தார்கள். தர்ஷினியின் அம்மா ரேவதி ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்பவர். வேலை உடுப்போடு வந்து என் முன்னால் உட்கார்ந்து அந்தத் தேதியை இரண்டு தடவை பார்த்தார். "அப்போ இவ அஞ்சாம் ஆண்டுல இருப்பாளே டீச்சர். அதுவரைக்கும் நான் இவகிட்ட என்னன்னு சொல்றது?"

நோக்கக் கடிதம்

அந்த வாரமே தேடத் தொடங்கினேன். நானே படித்து நானே பரிசோதித்தால் என்ன என்ற நினைப்புதான். எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் முதலில் ஒரு நோக்கக் கடிதம் கேட்கிறார்கள். ஏன் இந்தப் படிப்பு, ஏன் நீங்கள், ஏன் இப்போது. ஆங்கிலத்தில் நான்கு பக்கம் எழுதினேன். தர்ஷினியின் பெயரை மட்டும் மாற்றினேன். மற்றதெல்லாம் நடந்தபடியே இருந்தது.

எங்கள் ஆங்கில ஆசிரியை மேரி டீச்சரிடம் திருத்தக் கொடுத்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்மேல் அக்கறை உள்ளவர். பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளுக்கு நடுவில் வைத்து, அதே சிவப்புப் பேனாவால் திருத்தினார். முதல் திருத்தத்தில் கதைப்புத்தகம் போயிற்று. இரண்டாவதில் அம்மா போனார். மூன்றாவதில் தர்ஷினி 'கற்றல் சிக்கலுள்ள மாணவர்கள்' என்று ஆகிவிட்டாள். ஒரு பக்கம் மிஞ்சியது. குறை சொல்ல ஒன்றுமில்லை. யார் வேண்டுமானாலும் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். இதில் அந்தப் பிள்ளையைக் காணோமே என்றேன். மேரி டீச்சர் பேனாவை மூடினார். "அந்தப் பிள்ளைக்கா சீட்டு கேக்கற கலா? உனக்குத்தானே கேக்கற."

பரிந்துரை

தலைமையாசிரியரின் பரிந்துரையும் வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. பள்ளியில் ஆள் குறைவு. ஆலோசகர் என்று பெயரே தவிர, நன்னெறிக் கல்விக்கு, விளையாட்டுப் போட்டிக்கு, பரிசளிப்பு விழாவுக்கு எல்லாவற்றுக்கும் நான்தான். "நீங்களே எழுதிட்டு வாங்க டீச்சர், நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். என்னைப் பற்றி நானே புகழ்ந்து எழுத மூன்று நாள் பிடித்தது. வெட்கப்பட்டுக்கொண்டே எழுதினேன். அவர் அதை மேசையில் இரண்டு வாரம் வைத்திருந்தார். கடைசி நாளன்று மதியம் போய் நின்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுக் காகிதத்தை என்னிடம் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார். "இவ்வளவு நல்ல டீச்சரை நான் ஏன் விடணும்னு இதுல எங்கயுமே எழுதலையே."

கிராணி

முதல் பதில் இரண்டே வரி. வருந்துகிறார்களாம். எதற்கு வருந்துகிறார்கள் என்று தெரிந்துகொள்ள பல்கலைக்கழக அலுவலகத்துக்கு போன் அடித்தேன். எடுத்த கிராணி, அங்கே எழுத்தராக இருப்பவர், முதலில் மலாயில் பேசினார். என் பெயரைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தித் தமிழுக்கு வந்தார். சின்ன வயதுக் குரல். என்னுடைய பட்டம் ஆலோசனைத் துறையில். அவர்களுக்கு வேண்டியது உளவியல் பட்டம். வார இறுதிகளில் நான்கு பாடம் தனியாகப் படித்துத் தேர்வு எழுதினால் அடுத்த முறை பார்ப்பார்கள். எட்டு வருடம் இதே வேலையில்தானே இருக்கிறேன் என்றேன். அந்தப் பெண் கணினியில் எதையோ தேடுவது கேட்டது. "அனுபவம்னு போடறதுக்கு இந்த சிஸ்டத்துல கட்டமே இல்லக்கா."

செவ்வாய்க்கிழமை

இதை எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அடுத்த வருடம் முழுவதும் சனி, ஞாயிறுகளில் படித்தேன். பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு வரும் ஃபெரியில் தினமும் காலையில் குறிப்புகளை மனப்பாடம் செய்தேன். தர்ஷினி ஐந்தாம் ஆண்டுக்கு வந்துவிட்டாள். மருத்துவமனைத் தேதி நெருங்கியபோதுதான் கவனித்தேன், என் கடைசித் தேர்வும் அதே செவ்வாய்க்கிழமை காலையில். கூடவே வருகிறேன் என்று ரேவதியிடம் சொல்லியிருந்தேன். இப்போது வரமுடியாது என்றும், பள்ளி அறிக்கையை உறையில் போட்டு முதல்நாளே தந்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். அந்த அறிக்கை இல்லாமல் பரிசோதிக்க மாட்டார்கள். அறிக்கையை எழுதி முடித்திருந்தேன். தலைமையாசிரியர் கையெழுத்து மட்டும் பாக்கி. திங்கட்கிழமை நான் தேர்வுக்குப் படிக்க லீவு எடுத்தேன். அறிக்கை என் மேசை இழுப்பறையில் கிடந்தது. எனக்கு அது நினைவிலேயே இல்லை.

செவ்வாய்க்கிழமை தேர்வு மண்டபத்தைவிட்டு வெளியே வந்து கைப்பேசியைத் திறந்தால் ரேவதியிடமிருந்து ஆறு அழைப்புகள். திருப்பி அடித்தேன். அவர்கள் பஸ் நிறுத்தத்தில் இருந்தார்கள். உறை வராததால், நான் நேரே மருத்துவமனைக்கு அனுப்பியிருப்பேன் என்று நம்பிப் போயிருக்கிறார்கள்; அறிக்கை இல்லாததால் அங்கே பார்க்கவில்லை. ஒன்பது மாதம் கழித்து வேறு தேதி கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்குச் சம்பளமில்லாத லீவில் வந்திருந்தார் அந்த அம்மா. நடந்ததைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. பஸ் சத்தத்துக்கு நடுவில் அவர் கேட்டது எனக்கு நன்றாகவே கேட்டது. "பரவால்ல டீச்சர். நீங்க பரீட்சை நல்லா எழுதினீங்களா?"

நேர்முகம்

நன்றாகத்தான் எழுதியிருந்தேன். இரண்டாவது விண்ணப்பத்துக்கு நேர்முகம் வரைக்கும் கூப்பிட்டார்கள். காலை ரயிலில் தலைநகருக்குப் போனேன். எதிரே மூன்று பேர். நடுவில் இருந்த பேராசிரியை, நீங்கள் தவறு செய்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள் என்றார். இந்தக் கேள்வி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். மேரி டீச்சர் எனக்குச் சின்னதாக ஒரு தவறைத் தயார் செய்து கொடுத்திருந்தார். வாயைத் திறந்தபோது அது வரவில்லை. இழுப்பறையில் கிடந்த அறிக்கையைத்தான் சொன்னேன். பஸ் நிறுத்தத்தில் ரேவதி கேட்டது வரைக்கும் சொல்லி முடித்தேன். நன்றி என்றார்கள்.

மூவரில் ஒருவர் தமிழர். உள்ளே ஒரு வார்த்தை பேசாதவர், நான் லிஃப்டுக்குக் காத்திருந்தபோது வந்து பக்கத்தில் நின்றார். முடிவு என்ன என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை, ஒரு சக ஆசிரியருக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார். "நாங்க கேட்டது தவறையும் அதுல கத்துக்கிட்டதையும்தாம்மா. நீங்க தவறோட நிறுத்திட்டீங்க."

பெயர் கிடைத்தது

இந்த முறை தர்ஷினியை மருத்துவமனைக்கு நானே கூட்டிப்போனேன். அறிக்கை, அதற்கு இரண்டு நகல், எல்லாம் என் கைப்பையில் இருந்தன. தர்ஷினிக்குப் பன்னிரண்டு வயது ஆகிவிட்டது. உயரமாக வளர்ந்திருந்தாள். வாயாடித்தனம் எல்லாம் போய், கேட்டால் மட்டும் பேசுகிற பிள்ளையாகியிருந்தாள். இரண்டு மணி நேரம் பரிசோதித்தார்கள். எழுத்துகளைப் பிரித்தறிய முடியாத குறை. அதற்கு ஒரு பெயர் உண்டு, அந்தப் பெயரைத் தாளில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். ஏழெட்டு வயதிலேயே பயிற்சி தொடங்கியிருக்க வேண்டும் என்றார் மருத்துவர். அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. அதற்கான தனி வகுப்பு கடலுக்கு அந்தப் பக்கம், புக்கிட் மெர்தாஜாமில் இருந்தது. ஆறாம் ஆண்டு முடிய நான்கு மாதம்தான் பாக்கி.

வெளியே நீண்ட நாற்காலியில் உட்கார்ந்து நான் அவளுக்கு விளக்கினேன். இது உன் தப்பு இல்லை, நீ சோம்பேறி இல்லை, உன் மூளை எழுத்துகளை வேறு மாதிரிப் பார்க்கிறது என்றேன். பயிற்சியிலும் புத்தகத்திலும் எப்படிச் சொல்லியிருக்கிறார்களோ அப்படியே சொன்னேன். கவனமாகக் கேட்டாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். "அப்போ இனிமே நான் வாசிக்கவே வேணாம், இல்ல டீச்சர்?"

ஹோட்டலின் பின்வாசல்

புக்கிட் மெர்தாஜாமுக்குத் தினமும் கூட்டிப்போய்வர அந்த வீட்டில் ஆள் இல்லை. நான் சனிக்கிழமைகளில் சொல்லிக் கொடுத்தேன். நான்கு மாதத்தில் பதினான்கு எழுத்து. பிறகு அவள் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டாள். மருத்துவமனை கொடுத்த தாளை அந்தப் பள்ளிக்கு அனுப்பி வைத்தேன். கிடைத்தது என்று பதில் வந்தது. அரை வருடம் கழித்து, அவள் பள்ளிக்கு வருவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

ரேவதியைப் பார்க்க ஹோட்டலின் பின்வாசலுக்குப் போனேன். அவர் படுக்கை விரிப்புகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். தர்ஷினி வீட்டில் தங்கச்சியைப் பார்த்துக்கொள்கிறாளாம். புதுப் பள்ளியில் யாராவது கேலி செய்தார்களா, ஆசிரியர் அடித்தாரா என்று கேட்டேன். ஏதாவது ஒரு காரணம் கிடைத்தால் போய்ச் சண்டை போடலாம் என்றிருந்தது எனக்கு. அவர் ஒரு விரிப்பை மடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "யாரும் அடிக்கல, திட்டல டீச்சர். யாரும் அவளை ஒண்ணுமே கேக்கல. பின்னாடி உக்காந்துட்டு வந்தா, அவ்ளோதான்."

கிடைத்துவிட்டது

மூன்றாவது விண்ணப்பத்தின் நேர்முகத்திலும் அதே கேள்வி வந்தது. அதே சம்பவத்தைத்தான் சொன்னேன். கடைசியில், இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது என்ன என்று மூன்று வாக்கியம் சேர்த்தேன். அவற்றை மேரி டீச்சர் எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டு வாரத்தில் இடம் கிடைத்துவிட்டது. சம்பளத்தோடு படிப்பு லீவு கிடைக்கவில்லை. என் அறைக்கு மாற்று ஆள் இல்லை என்றார் தலைமையாசிரியர், அது உண்மையும்கூட. அதனால் பகுதி நேரப் படிப்பு. சனிக்கிழமை ரயிலில் போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறேன். இரண்டரை வருடம்.

போன மாதம் ஒரு தகப்பனார் தன் மகளின் விஷயமாக வந்தார். சாப்பாட்டுக் கடையில் வேலை, மதிய நேரக் கூட்டத்துக்கு முன்னால் ஓடிவந்திருந்தார். பிள்ளை இரண்டாம் ஆண்டு. புத்தகத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மருத்துவமனையில் பதினான்கு மாதம் கழித்துத் தேதி கொடுத்திருந்தார்கள். நான் இதற்கென்றே படிக்கிறேன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை. எப்போது முடியும் என்று கேட்டார். இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும் என்றேன். அவர் அந்தத் தேதித் துண்டை மறுபடி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அப்போ ஆஸ்பத்திரியே இருக்கட்டும் டீச்சர். அதுதான் சீக்கிரம்."

ஆக, மூன்று விண்ணப்பத்தில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது, காத்திருக்கிற வேலையை மட்டும் இன்னும் பிள்ளைகளே பார்த்துக்கொள்கிறார்கள்.